ஆளுக்கு ஒரு கைப்பிடி

யாரும் அதிகமாகப் போடவில்லை. ஆளுக்கு ஒரு கைப்பிடி சர்க்கரைப் பொங்கல், அவ்வளவுதான். விருதுநகரிலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தங்கள், மத்திகிரியின் பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை பார்த்த கம்பெனி ஆட்கள் எல்லோரும் வரிசையில் நின்று கௌரிக்கு ஊட்டிவிட்டு, அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோயில் வாசலில் நிற்கும் பசுவுக்கு நாம் செய்வதுதான். ஆனால் அங்கே மாட்டுக்காரன் பசுவின் வயிற்றைப் பார்த்துக் கயிற்றை இழுத்துக்கொள்வான். இங்கே மாட்டுக்காரன் பாஸ்கரன். "பெரியம்மா, நீங்க இன்னும் போடலையே" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போடவைத்தான்.

கொட்டகைப் பால்காய்ப்பு அமோகமாக முடிந்தது. மறுநாள் காலையில் கௌரி எழுந்திருக்கவில்லை.

கம்பெனியில் பாஸ்கரன் வேலை பார்த்த பிரிவை மூடிவிட, கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, மத்திகிரி வாடகை வீட்டைக் காலி செய்து, தளிப் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு வந்திருந்தான். இரண்டு கிடாரிக் கன்றுகள் வாங்கியிருந்தான். அவை வளர்ந்து கறவைக்கு வர வருடங்கள் ஆகும். அதுவரை அடுப்பு எரிவது கௌரியின் மடியை நம்பித்தான். கௌரி போனால் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போகவும் இடமில்லை. மத்திகிரி வீட்டில் வேறு குடும்பம் பால் காய்ச்சியாகிவிட்டது.

கால்நடை டாக்டர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். சாணியை முகர்ந்தார்.

"என்ன போட்டீங்க?"

"பொங்கல் சார். ஒரு கைப்பிடி."

"ஒரு கைப்பிடிக்கா இந்தக் கோலம்?"

"ஆளுக்கு ஒரு கைப்பிடி சார்."

"எத்தனை ஆளு?"

பாஸ்கரன் வேனை நினைத்துப் பார்த்தான்.

"உள்ள போன சோறு புளிச்சு ரத்தத்துல ஏறிடுச்சு" என்றார் டாக்டர். ஊசி போட்டார், குளுக்கோஸ் பாட்டிலைக் கொட்டகை மூங்கிலில் தொங்கவிட்டார், சோடா மாவைக் கரைத்துப் புகட்டினார். "பொழுது சாயறதுக்குள்ள எந்திரிச்சு நின்னா பொழைச்சுக்கும். இல்லன்னா என்கிட்ட வேற மருந்து இல்ல."

பக்கத்துத் தோட்டத்து நாகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "சோறு சேராதுன்னு எனக்குத் தெரியும் சாமி. புண்ணியத்துக்கு வந்தவங்க கையத் தட்டிவுட முடியுமா? நானும் ஒரு கை போட்டேன்."

பாஸ்கரன் கடைவீதியில் வளர்ந்தவன். கொட்டகைக்குப் பின்னால் போய் சாமியிடமே பேரம் பேசினான். முதலில் ஒரு தேங்காய் என்றான். கௌரி முனகியது. சேவல் என்றான். மறுபடி முனகல் கேட்டதும் கிடா, மொட்டை என்று ஏறினான். எதிர்க்கடையிலிருந்து சத்தமே இல்லை. பேசாமல் இருக்கும் வியாபாரியிடம்தான் நாம் அதிகம் ஏமாறுவோம் என்று அவன் அப்பா சொல்வார்.

மதியத்துக்கு மேல் தரகர் வெங்கடப்பன் பைக்கில் வந்து இறங்கினார். கௌரியை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மாடு படுத்த சேதி காக்காய்க்கு முன்னால் அவருக்கு எட்டிவிடும்.

"மூச்சு இருந்தா ஒரு விலை, பாஸ்கரண்ணா. மூச்சு போச்சுன்னா நான் எதுக்கு? குழி தோண்ட ஆள் பாரு."

பாஸ்கரனின் மனைவி வீரலட்சுமி, கௌரியின் கன்றுக்குட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். "உசுரோட கெடக்குறத வெட்டுக்கு அனுப்பப் போறீகளா?"

"வெலதான் பேசப்போறேன் வீரா."

"ஒங்கள எனக்குத் தெரியாதா? பேசுனா முடிச்சுப்புடுவீக."

அவன் அவள் காதருகே குனிந்தான். "பொழுது சாயிற வரைக்கும் இழுக்கப்போறேன். கௌரி எந்திரிச்சுட்டா யாவாரம் கெடையாது. எந்திரிக்கலன்னா மட்டும் முடிப்பேன். இந்தாளு போயிட்டா நமக்கு அதுவும் இல்ல."

வெங்கடப்பன் தோள் துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போர்த்தினார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வதுதான் சந்தை வழக்கம். வெளியில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அவர் சில விரல்களைப் பிடித்தார். பாஸ்கரன் உதறினான். இன்னொரு விரல் சேர்ந்தது. அதையும் உதறினான். நடுவில் மழை பற்றிப் பேசினான். தக்காளி விலை கேட்டான். வெங்கடப்பனின் மகள் கல்யாணம் விசாரித்தான். டீ வரவழைத்து, அதை இடது கையால் குடித்தார்கள்.

"அண்ணா, நீ மாடு விக்க வரல" என்றார் வெங்கடப்பன். "நேரம் வாங்க வந்திருக்க. என் சரக்கு அது இல்ல."

"இருங்கண்ணே, நல்ல வெலையாச் சொல்லுங்க."

மலை மேல் வெயில் மஞ்சளாயிற்று. வெங்கடப்பன் கடைசியாக அவன் விரல்களைப் பற்றி அழுத்தினார். அது நியாயமான விலை. கிடாரிகளுக்குச் சில மாதத் தீவனம் வரும். திருப்பி ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது.

அப்போது கௌரி பின்னங்கால்களை ஊன்றியது. இடுப்பு மேலே எழுந்தது. குளுக்கோஸ் குழாய் ஆடியது.

"என்னங்க!" என்று வீரலட்சுமி கத்தினாள். "எந்திரிக்குது! குடுக்காதீக!"

பாஸ்கரன் விரல்களை உருவிக்கொண்டான். முன்னங்கால் முட்டிகள் மண்ணில் வழுக்கின. ஒரு கணம் பாதி மாடு நின்றது. பிறகு மொத்தமாகப் பக்கவாட்டில் சரிந்து, கால்களை நீட்டிக்கொண்டது.

அவன் அவசரமாகத் துண்டுக்குள் கையை நுழைத்துத் தரகரின் விரல்களைத் தேடி அழுத்தினான். அந்த விரல்கள் மடங்கவில்லை. வெங்கடப்பன் மாட்டின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கவில்லை.

"வுட்டுடு அண்ணா" என்றார் மெதுவாக. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தார்.

பாஸ்கரனின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. பாக்கெட்டில் போன் அடித்தது. ஊரிலிருந்து பெரியம்மா. வீரலட்சுமிதான் எடுத்தாள்.

"கோமாதாவுக்கு எங்கையால ஊட்டுனது மனசுக்கு அம்புட்டு நெறவா இருந்துச்சுடி. நல்லாருக்குல்ல?"

வீரலட்சுமி போனை அணைத்தாள். கன்று அவள் பிடியிலிருந்து திமிறிப் போய்த் தாயின் மடியை முட்டியது. முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது.

"இதுக்குப் பசிக்குது" என்றாள் அவள். "கடைக்குப் போயிட்டு வாங்க."

கடைக்காரன் சிரித்தான். "இன்னாண்ணா, பால்காரரே பாலு வாங்க வந்துட்டீங்க?"

பாஸ்கரன் பால் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். விலை அச்சிட்டிருந்தது. பேரம் பேச ஒன்றும் இல்லை. இன்னொன்றும் கொடு என்று சொல்ல வாயெடுத்தான், நாளைக் காலைக்கு. பிறகு ஒரு விரலை மட்டும் காட்டினான்.