வழிவிடாத கார்

நாலந்தாவில் கல்யாணச் சாப்பாடு முடிந்து புறப்படும்போது, புருஷனின் மோட்டார் சைக்கிளில் ஏறுவதா, கூடப் பிறந்த நானாவின் காரில் ஏறுவதா என்று றம்லாவுக்கு ஒரு நிமிஷம் யோசனையாக இருந்தது. காலையில் புஹாரியின் பின்னால் உட்கார்ந்துதான் வந்தாள். இப்போது வெயில் ஏறிவிட்டது. கையில் மாமியாருக்கென்று கட்டித் தந்த இனிப்பு வட்டிலாப்பச் சட்டி வேறு இருந்தது.

"நீ கார்லயே ஏறு. நான் பின்னாலயே வாறேன்," என்றான் புஹாரி.

காரின் கதவைத் திறந்துகொண்டிருந்த முத்தலிப் திரும்பிப் பார்த்தான். "பின்னாலதானே மச்சான் வர ஏலும். இன்னைக்கு முன்னால விடமாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். றம்லாவும் சிரித்தாள். அதைப் பிறகு எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

அறுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம். ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு, பௌர்ணமி அமாவாசைக் கணக்கில் வரும் போயா நாளில் லீவு கொடுக்கத் தொடங்கிய புதிது. புஹாரி கிராமம் கிராமமாகப் போய் மிளகும் கொக்கோவும் வாங்குகிறவன். அவனுக்குக் கால்கள் என்றால் அந்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்தான். றம்லாவின் நானா முத்தலிப் மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓஸ்டின் கார் ஒன்றை ஹயருக்கு ஓட்டினான். போயா நாள் வந்தால் டவுன் பொடியன்கள் பலாபத்வலையிலிருந்து வடக்கே போகிற ரோட்டில் ரேஸ் விடுவார்கள். மாத்தளையில் அதற்கென்று ஒரு கூட்டமே இருந்தது. போன மாதம்தான் அந்த ரோட்டில் ஒருவன் விழுந்து தாடையை உடைத்துக்கொண்டு, கம்பியால் பல்லைக் கட்டிய வாயால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகும் யாரும் நிறுத்தவில்லை. அடுத்த போயாவிலேயே புஹாரி தன் மச்சானின் காரை எல்லோருக்கும் முன்னால் வைத்து முந்திவிட்டான். அன்றிலிருந்து முத்தலிப் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் யாராவது ஒருவன், "என்ன முத்தலிப், மச்சான் கிளப்பின தூசி ருசியா இருந்திச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

றம்லாவுக்கு இதெல்லாம் தெரியும். பயமும் இருந்தது. ஆனால் கல்யாணமாகி ஒன்பது மாதம்தான் ஆகிறது. புருஷன் ஜெயித்தான் என்று கேள்விப்படும்போது பயத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகவே பெருமை இருந்தது.

"சுறுக்கா போவோம் தங்கச்சி," என்றான் முத்தலிப், காரை எடுத்தபடி. "இன்னைக்கு மாரியம்மன் கோயில் தேர். ரோட்டுக்கு வந்திட்டா டவுனுக்குள்ள போக ஏலாது."

முதல் ஏழெட்டு மைல் ஒன்றும் நடக்கவில்லை. புஹாரி சொன்னபடி பின்னாலேயே வந்தான். ஒரு மேட்டில் கார் திணறியபோது பக்கத்தில் வந்து, ஜன்னல் வழியாக றம்லாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பின்வாங்கினான். றம்லாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக, 'வாங்க, வாங்க' என்று கையால் கூப்பிட்டாள். அவ்வளவுதானா உங்கட மெஷின் என்பதுபோல உதட்டைப் பிதுக்கியும் காட்டினாள். புஹாரி சிரித்தது தெரிந்தது. அடுத்த நொடி என்ஜின் சத்தம் மாறியது.

முத்தலிப் கண்ணாடியில் பார்த்தான். அவனும் மிதித்தான்.

பலாபத்வலைக்கு இரண்டு மைல் இருக்கும்போது கார் நடுங்கத் தொடங்கியது. மடியிலிருந்த சட்டி சரிந்து கீழே விழுந்தது. ரோட்டோரமாகத் தேருக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த தோட்டத்து ஆட்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மழைத்தண்ணீர் போகிற கானுக்குள் இறங்கினார்கள். றம்லா அப்போதுதான் நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நானா, போதும். மெதுவாப் போங்க."

அவன் கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது.

புஹாரி வலது பக்கமாக ஏறி வந்தான். காரின் பின்கதவுக்கு வந்தான், முன்கதவுக்கு வந்தான். முன்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் பஸ்ஸின் ஹோர்ன். சிவப்பாக ஒரு பஸ் திரும்பி எதிரே வந்தது. புஹாரி அதைக் கண்டுவிட்டான். தலையைத் திருப்பிக் காருக்குள் பார்த்தான். முத்தலிப் கொஞ்சம் காலை எடுத்தால் போதும், முன்னால் புகுந்துவிடலாம். அதைத்தான் அந்தப் பார்வை கேட்டது.

"நானா, பிரேக். நானா, பிரேக் அடிங்க."

முத்தலிப்பின் கால் எழவில்லை. றம்லா அதைக் கண்ணால் கண்டாள். முழங்கால் நீட்டியபடியே இருந்தது.

புஹாரி பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து மறு கரைக்குப் போகப் பார்த்தான். பஸ்ஸில் படாமல் தப்பினான். ஆனால் அங்கே மதகின் கட்டு இருந்தது.

கார் நூறு யார் தூரம் தள்ளிப்போய் நின்றது. றம்லா ஓடிவந்தபோது பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கியிருந்தார்கள். புஹாரி கட்டுக்கு அந்தப் பக்கம் பற்றைப் புதருக்குள் கிடந்தான். கண் திறந்திருந்தது. காதிலிருந்து ரத்தம். நெஞ்சு ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கியது. அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். வாயிலும் ரத்தம் வந்தது.

"தூக்குங்க, தூக்கிக் கார்ல போடுங்க," என்று கத்திக்கொண்டே ஒருவர் கானுக்குள்ளிருந்து ஏறி வந்தார். மஞ்சள் வேட்டி கட்டி, கையில் காப்புக் கயிறு கட்டியிருந்தார். நேர்த்திக்கடனுக்காகத் தேருக்குப் போய்க்கொண்டிருந்தவர். பெயர் முத்துவீரன் என்பது றம்லாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. தோளிலிருந்த துண்டால் புஹாரியின் தலையை இறுக்கிக் கட்டி, நாலு பேரைக் கொண்டு பின் சீட்டில் ஏற்றினார். பெண்சாதியிடம், "நீ புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நடந்து வா," என்று சொல்லிவிட்டுத் தானும் ஏறிக் காலைப் பிடித்துக்கொண்டார். தலை றம்லாவின் மடியில் இருந்தது.

முத்தலிப் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். என்ஜின் இரண்டு தரம் நின்றது.

"ஓட்டுங்க நானா," என்றாள் றம்லா. "இப்ப ஓட்டுங்க."

மாத்தளைக்கு ஆறு மைல். அந்த ஆறு மைலில் அவன் எத்தனை வேகத்தில் போனான் என்று அவளுக்குத் தெரியாது. ஆமை மாதிரி இருந்தது. புஹாரியின் காதுக்குள் கலிமாவைச் சொன்னாள்; பாதியில் நிறுத்தி, "இங்க பாருங்க, தூங்காதீங்க, வந்திட்டம்," என்றாள்; மறுபடி கலிமா. அவன் விரல் அவள் சாரித் தலைப்பைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி தளர்கிறதா, இறுகுகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டவுனுக்குள் நுழைகிற இடத்தில் கார் நின்றது.

முன்னால் ரோடு இல்லை. தலைகள்தான் இருந்தன. தேர் கோயிலை விட்டு வெளியே வந்து ரோட்டின் நடுவில் நின்றது. வடம் பிடித்தவர்கள், காவடிக்காரர்கள், தண்ணீர்ப் பந்தலில் முண்டியடிப்பவர்கள் என்று கடைவாசல் வரை ஜனம். முத்தலிப் ஹோர்னை அமுக்கினான். மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலும் லொறிகள் வந்து அடைத்துவிட்டன.

"வேற ரோடு," என்றாள் றம்லா. "வேற ரோடு இல்லையா?"

"திரும்ப ஏலாது," என்றான் முத்தலிப். ஸ்டியரிங்கில் தலையை முட்டி அழத் தொடங்கினான்.

றம்லாவுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க ஒரு கை மிச்சமில்லை.

முத்துவீரன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் புகுந்து, அங்கே உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி, அவர்கள் இருந்த நீளமான மர வாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரோடு ஐந்தாறு பேர் வந்தார்கள். எல்லாரும் தோட்டத்து ஆட்கள். புஹாரியை அந்த வாங்கில் கிடத்தினார்கள்.

"உசுரு போகுது, வழி விடுங்க. புள்ளத்தாச்சி மாதிரி நிக்காதீங்க, வழி விடுங்கய்யா," என்று முத்துவீரன் தொண்டை கிழியக் கத்தினார். முன்னால் நின்றவன் திரும்பினான், ரத்தத்தைக் கண்டான், பக்கத்தில் நின்றவனைத் தள்ளினான். அப்படியே ஒருவர் ஒருவராகச் சொல்லி, கூட்டம் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குப் பிளந்தது. மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். தேருக்கு முன்னால் வந்தபோது வடம் குறுக்கே இருந்தது. பிடித்திருந்த நூற்றுக்கணக்கான பேரும் அதைத் தரையில் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். வாங்கு அதைத் தாண்டிப் போனது. றம்லா பின்னாலேயே ஓடினாள். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. யாரோ ஒரு கிழவி அவள் தலையிலிருந்து விழுந்த முக்காட்டை எடுத்து மறுபடி போட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். அவர் சிங்களத்தில் சொன்னது றம்லாவுக்கு முதல் சொல்லிலேயே விளங்கியது. ஆனால் அவர் முடிக்கும் வரை தலையாட்டிக்கொண்டே நின்றாள்.

மாமியார் றாபியா வந்து சேர்ந்தபோது முத்துவீரன் இன்னும் வாசலில் நின்றார். மஞ்சள் வேட்டி முழுக்க ரத்தக் கறை. அப்படியே கோயிலுக்குப் போக முடியாது. "எப்படிப் பட்டிச்சு எம் புள்ளைக்கு?" என்று றாபியா எல்லாரிடமும் கேட்டாள். மகன் ஒருவன்தான். புருஷன் இல்லாமல் வளர்த்தவள்.

முத்தலிப் றம்லாவைச் சுவரோரமாகக் கூட்டிப் போனான். "மாடு குறுக்கால வந்திச்சுன்னு சொல்லு, தங்கச்சி. பஸ் டிரைவரும் மச்சான்தான் பிழையான பக்கம் வந்தாருன்னு சொல்லிட்டான். மவுத்தானவர் மவுத்தாகிட்டார். என்ட புள்ளைகள் மூணையும் நினைச்சுப் பாரு."

அவனுடைய பிள்ளைகளை அவள்தான் தூக்கி வளர்த்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலேயே மரண விசாரணை நடந்தது. அது முடிந்தால்தான் மையித்தைக் கொடுப்பார்கள். பள்ளிவாசல் ஜமாஅத் ஆட்கள் வெளியே மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கோடு காத்து நின்றார்கள். பஸ் டிரைவர் சொன்னார்: மோட்டார் சைக்கிள் தன் பக்கத்துக்கு வந்தது, தான் என்ன செய்ய. அது உண்மைதான். முத்தலிப் சொன்னான்: மாடு ஒன்றைக் கண்டு மச்சான் வண்டியை ஒடித்திருப்பார், தான் சரியாகப் பார்க்கவில்லை. விசாரணை செய்தவர் எழுதிக்கொண்டார். மூலையில் உட்கார்ந்திருந்த றாபியா, "அவன் எப்பவும் அப்பிடித்தான், சொன்னாக் கேக்க மாட்டான்," என்று செத்த மகனைக் குற்றம் சொல்லி முனகினாள்.

அந்த முனகல்தான் றம்லாவால் தாங்க முடியாமல் போனது.

அவளைக் கூப்பிட்டபோது எழுந்து நின்றாள். "மாடு ஒண்டும் வரல்ல," என்றாள்.

முத்தலிப் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரேஸ் விட்டாங்க. ரெண்டு பேரும். பஸ் வரக்குள்ள அவர் முன்னால வரப் பாத்தார். நானா வழி விடல்ல. பிரேக் அடிக்கச் சொல்லி நான் கத்தினேன், அடிக்கல்ல." மூச்சு வாங்கினாள். "மொதல்ல அவரைக் கையக் காட்டிக் கூப்பிட்டது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, அதை எழுதத் தேவையில்லை என்றார். எழுதச் சொல்லி றம்லா இன்னொரு தரம் கேட்டாள். அவர் எழுதவில்லை.

வெளியே வந்ததும் அவளையும் முத்தலிப்பையும் பெற்ற உம்மா அவளைப் பார்க்காமலேயே நடந்து போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. றம்லா வெளியே போகாமல் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தது மாமியார் வீட்டில்தான். றாபியா அவளுக்கு நேரத்துக்குச் சோறு வைத்தாள், குளிக்கத் தண்ணீர் சுட வைத்தாள், பேச மட்டும் இல்லை. பதினோராம் நாள், தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நீ கையக் காட்டாம இருந்தா அவன் மெதுவா வந்திருப்பானா?"

"தெரியல்ல மாமி."

"வந்திருப்பான்," என்றாள் றாபியா. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வந்திருக்கவும் மாட்டான்," என்றாள்.

முத்தலிப்பின் மீது வழக்குப் போட்டார்கள். கோட்டுக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் அவன் வந்தான். லைசன்ஸைப் பொலிஸ் எடுத்துவிட்டது, நடந்தே வந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கூடத்துத் திரைக்கு இந்தப் பக்கம் றம்லா உட்கார்ந்திருந்தாள், அந்தப் பக்கம் றாபியா. அவன் உட்காரவில்லை.

"நாளைக்கு ஒத்துக்கொள்ளப் போறேன்," என்றான். "ஒண்டரை வருஷம், ரெண்டு வருஷம் ஆகும்ன்றாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

றம்லா அவன் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "ஒண்டு மட்டும் சொல்லுங்க நானா. அவர் உங்களைத் திரும்பிப் பாத்தாரே. நீங்க கண்டீங்க. ஏன் பிரேக் அடிக்கல்ல?"

முத்தலிப் குனிந்து தன் காலையே பார்த்தான். பொய் சொல்ல வந்தவன் மாதிரித் தெரியவில்லை. தேடுகிறவன் மாதிரித்தான் இருந்தது.

"கண்டேன்," என்றான். "பஸ்ஸையும் கண்டேன். அவர் மவுத்தாவார்ன்னு நினைக்கல்ல. ஒண்டும் நினைக்கல்ல, தங்கச்சி. அவர் முந்திருவார், கடையில திரும்பச் சிரிப்பானுகள்ன்னு மட்டுந்தான் தலைக்குள்ள ஓடிச்சு. வேற ஒண்டும் இல்ல."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து றாபியாவின் குரல் வந்தது. சத்தமில்லாத குரல். "அவனைப் போகச் சொல்லு."

றம்லா சொல்லவில்லை. அவனே திரும்பிப் படியிறங்கி, ரோட்டோரமாக, கானை ஒட்டியே நடந்து போனான்.