மூட்டை உட்கார்ந்த இடங்கள்

ஒரு நாய், உட்கார்ந்தபடியே, என்னை மூன்று கிலோமீட்டர் நடத்திக் கூட்டிவந்து வீட்டில் சேர்த்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். அந்த நாயின் எடை என்னைவிட நாலு கிலோ அதிகம். காதுகளை மட்டும் தனியாக நிறுத்தால் ஒரு பூசணிக்காய் தேறும். இதைச் சொன்னால் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள்; நம்பாத ஒரே ஆள் என் மகள். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர் என்பதால், வீட்டில் சரிபாதி பேர் நம்பவில்லை என்றுதான் கணக்கு. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்காமல் காய்ச்சல் என்று கூட ஒப்புக்கொள்ள மாட்டாள்.

நான் முப்பத்துநாலு வருடம் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவன். இந்த ஊரில் நான் நுழையாத கேட் இல்லை, என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் இல்லை. என் காலில் பதிந்த பற்களை எல்லாம் கோர்த்தால் கல்யாண மாலை கட்டலாம். அத்தனை வருடமும் நாய்கள் கேட்டுக்கு உள்ளே, நான் வெளியே. அது தலைகீழாகும் என்று எந்த நாயும் எனக்குச் சொல்லவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பேருந்து நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேருந்து வரவில்லையா என்றால், வந்தது; பதினெட்டு வந்தது. எதில் ஏறுவது என்பதில்தான் ஒரு சின்ன யோசனை. கடைசியில் பக்கத்தில் நின்ற பெண் என் சட்டைப் பையில் நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து மகளுக்கு போன் போட்டுவிட்டாள். "சும்மா களைப்பாற உக்காந்தேம்மா" என்றேன். மகள் வந்து என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் குனிந்து பார்த்தேன். வலது காலில் என் செருப்பு. இடது காலில் அவள் செருப்பு.

மறுநாளே கேட்டுக்கு உத்தரவு போய்விட்டது: அப்பா தனியாக வெளியே போகக் கூடாது. வாட்ச்மேனின் நோட்டில் எனக்கென்று தனிப் பக்கம். போன நேரம், வந்த நேரம், கூடப் போகிறவர் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் முதல் கட்டம் நிரம்பாது. வாட்ச்மேன் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. என் கதையெல்லாம் வாய்பிளந்து கேட்பார், கண்ணில் நீர் வரச் சிரிப்பார், கேட்டை மட்டும் திறக்க மாட்டார். "பாப்பா சொல்லியிருக்காங்க சார்." ஐம்பது வயதை எட்டப்போகிற பாப்பா.

ஆக, நான்காவது மாடி பால்கனி. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, ஒரு காபி டம்ளர், நான். காலை ஆறரை முதல் எட்டு வரை கீழே தெருவில் நாய்கள் தங்கள் ஆட்களை நடத்திக்கொண்டு போகும். வேறு வேலை இல்லாததால் அதைப் பாடமாகப் படித்தேன். பாட்டு டீச்சரின் குட்டி நாய், என் உள்ளங்கையில் உட்கார்ந்தால் இடம் மிச்சமிருக்கும்; அது தெருவில் இறங்கினால் பேருந்துகள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஒருமுறை தண்ணீர் லாரி ஒன்றை அது பின்னோக்கி ஓட்டவைத்ததை நானே பார்த்தேன். (லாரி எப்படியும் ரிவர்ஸ் எடுக்கத்தான் வந்திருந்தது என்பாள் மகள்.) வங்கிக்கார அம்மாவின் நாய்க்கு நான் வைத்த பெயர் ஆடிட்டர். ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் முகரும், நாலடி போகும், சந்தேகம் வந்து திரும்பி வந்து மறுபடி முகரும். மூன்றாவது மாடிப் புதுத் தம்பதியின் நாய்தான் பாவம். இருவருக்கும் நடுவில் நடக்கும். மனைவி ஏதாவது சொன்னால் உடனே தலையைத் தூக்கிக் கணவனைப் பார்க்கும், பதில் வருமா என்று. வராது. நாய் பெருமூச்சு விடும். நாலாவது மாடிக்கு அது கேட்கும்.

கயிற்றின் எந்த முனையில் யார் இருக்கிறார்கள் என்பது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். மூன்று மாதம் பார்த்த பிறகு, அந்தக் கயிறுகளில் ஒன்று என் கையில் இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. எந்த முனை என்பது பற்றி எனக்குக் கௌரவம் எதுவும் மிச்சமில்லை.

வழியைக் காட்டியது லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு. நாய்களை வளாகத்துக்குள் நடத்தக் கூடாது, கட்டாயம் கேட்டுக்கு வெளியே அழைத்துச் செல்ல வேண்டும், இப்படிக்குச் செயலாளர். கட்டாயம் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. நான் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் வாட்ச்மேன் மேஜையில் வைத்தேன். "என்னைத் தடுக்கலாம். நாயைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கா?" அவர் அறிவிப்பை இரண்டு முறை படித்தார். செயலாளருக்கும் பாப்பாவுக்கும் நடுவில் அந்த மனிதர் பட்ட பாடு எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது. "கூட ஒருத்தர் இருக்கணும்னுதானே சொன்னாங்க சார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூன்றாவது கட்டத்தில் நாய் என்று எழுதினார்.

ஆனால் எந்த நாய்? ஆடிட்டரையும் குட்டியையும் அவர்கள் வீட்டில் தரவில்லை. கிடைத்தது இரண்டாவது மாடிப் பல் டாக்டரம்மாவின் நாய்; பெயரே மூட்டை. காலை எட்டு மணிக்குக் கிளினிக் போனால் இரவுதான் திரும்பும் பெண். கயிற்றைக் கையில் கொடுக்கும்போதே சிரித்தாள். "அங்கிள், இவன் நடக்க மாட்டான். கேட்லேர்ந்து பதினோரு அடி. அங்க ஒரு கம்பம் இருக்கு. வேலையை முடிச்சிட்டு உக்காந்துடுவான். திரும்பி வீட்டுக்குன்னு சொன்னா மட்டும்தான் எந்திரிப்பான். படுக்கையை விட்டுத் தூரமா போற ஒவ்வொரு அடியும் அவனுக்குப் பாவம்."

உண்மைதான். நாற்பத்தாறு நாள் நானும் மூட்டையும் பதினோரு அடி போனோம், பதினோரு அடி வந்தோம். கம்பத்துக்கு அப்பால் மருந்துக்கடை தெரியும், அதற்கப்பால் பள்ளிக்கூடச் சுவர், அதற்கப்பால் தெரு வளைந்து காணாமல் போகும் இடம். அந்த வளைவை நான் பார்ப்பேன். மூட்டை கேட்டைப் பார்ப்பான். அவன் உட்கார்ந்தால் இழுத்துப் பார்க்கலாம். பூமியை இழுப்பது மாதிரி. நாற்பத்தேழாவது நாள் சலவைக்கடை வேன் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. பழைய பழக்கம், அந்த டிரைவரின் வீட்டு மீட்டரை நான் இருபது வருடம் படித்திருக்கிறேன். "என்னய்யா, காவல் நிக்கிறீங்களா?" என்றார். "உங்க பழைய ஆபீஸ் பக்கம்தான் போறேன். ஏறுங்க." மூட்டையை நானும் அவரும் சேர்ந்து, துவைத்த படுக்கை விரிப்புகளின் மேல் ஏற்றினோம். படுக்கை என்றதும் அவன் மறுப்பே சொல்லவில்லை.

பழைய ஆபீஸ் இருந்த இடத்தில் டைல்ஸ் கடை இருந்தது. கண்ணாடிக் கதவில் என்னையும் ஒரு நாயையும் பார்த்தேன். வேன் போய்விட்டது. சரி, நமக்குத் தெரியாத தெருவா என்று திரும்பி நடந்தேன். இரண்டு திருப்பம் கழித்து, தெருவை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். மிகைப்படுத்தவில்லை, இந்த ஒரு இடத்தில் எனக்கு அதற்குத் தெம்பில்லை. கடைகள் இருந்தன, பலகைகள் இருந்தன, எழுத்துகளை வாசிக்க முடிந்தது, ஆனால் எதுவும் எதற்கும் பக்கத்தில் இல்லை. சட்டைப் பையைத் தொட்டேன். சீட்டு வேறு சட்டையில்.

அப்போது மூட்டை உட்கார்ந்தான். நான் இடதுபக்கம் திரும்ப, அவன் உட்கார்ந்தான். வலதுபக்கம் திரும்பினேன், எழுந்தான். அடுத்த முக்கில் நேராகப் போனேன், பொத்தென்று உட்கார்ந்தான். "நாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒரு அம்மா கேட்டாள். இல்லை, எனக்குத்தான் என்று சொல்லவில்லை. பக்கவாட்டில் திரும்பினேன், எழுந்தான். அவன் உட்கார்ந்தால் தப்பு, எழுந்தால் சரி. மீட்டர் முள்ளைப் பார்த்து வேலை செய்தவனுக்கு இது போதாதா? ரெண்டு மணி நேரத்தில் எங்கள் கேட்.

கேட்டில் மகள், பரிசோதனைக் கூடத்து வெள்ளைக் கோட்டோடு நின்றாள். வாட்ச்மேன் போன் போட்டிருந்தார். அந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? நாய் மெதுவாக நடந்தது, நேரமாகிவிட்டது என்று சொல்லியிருப்பான். ஆனால் இவ்வளவு அருமையான கதையை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? வேன், டைல்ஸ் கடை, மூட்டை உட்கார்ந்தது எல்லாவற்றையும் கைகால் ஆட்டிச் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது வாட்ச்மேன் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள் அவள், "நாய் வழி காட்டினது பொய். நீங்க தொலைஞ்சது மட்டும்தான் நிஜம்."

மாடிக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு மீதியைச் சொன்னாள். திங்கட்கிழமை முதல் பகல் முழுக்க ஒரு ஆள் வருவார். கதவுக்கு வெளிப்பக்கம் இன்னொரு பூட்டு. நாய் விவகாரம் முடிந்தது. இதை எல்லாம் அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை நீயே வா" என்றேன். "அதே டைல்ஸ் கடை வாசல்ல இறக்கிவிடு. இருபது அடி பின்னாடி வா. வாயைத் திறக்கக் கூடாது, கையைக் காட்டக் கூடாது. நானும் மூட்டையும் வீட்டுக்கு வந்துட்டா பூட்டு வேண்டாம்."

"வரலேன்னா?"

"நானே போய்ப் பூட்டு வாங்கிட்டு வரேன். கடைக்கு வழி மட்டும் சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் டைல்ஸ் கடை வாசலில் நின்றோம். கண்ணாடியில் இந்த முறை மூன்று பேர். மகள் இருபது அடி எண்ணி விலகி நின்று, கைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் வழி தெரிந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். முதல் முக்கில் மூட்டை உட்கார்ந்தான், திருத்திக்கொண்டேன். இரண்டாவது முக்கிலும் அப்படியே. திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தேன். அவள் தரையைத்தான் பார்த்தாள். மூன்றாவது உட்காரலுக்கு ஒரு காய்கறி வண்டிக்காரர் வேடிக்கை பார்க்க நின்றார். "ஐயா, இவர் எந்திரிக்கிறதுக்குள்ள என் கீரை வாடிடும், கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

நான்காவது முக்கில் ஒரு பச்சை கேட் வந்தது. இந்தத் தெரு எனக்குத் தெரியும். இந்த கேட்டுக்குப் பின்னால்தான் ஒரு கறுப்பு நாய் என் கெண்டைக்கால் சதையைத் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டது. மூன்றாவது வீட்டு மீட்டர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குனிந்துதான் பார்க்க வேண்டும். ஐந்தாவது வீட்டு அம்மா மோர் தருவாள். இப்படியே போனால் நேராக எங்கள் தெரு. எட்டு மாதத்தில் இவ்வளவு நிச்சயமாக நான் எதையும் அறிந்ததில்லை. "வாடா" என்று உள்ளே திரும்பினேன்.

மூட்டை உட்கார்ந்தான்.

"டேய், இது எனக்குத் தெரிஞ்ச தெரு." அவன் கொட்டாவி விட்டான். கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தேன். "இங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்டா." கயிறு உள்ளங்கையில் எரிந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். மகள் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பைக்குள் அவள் கை முட்டியாக மூடியிருந்தது துணிக்கு மேலே தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. அந்தப் பச்சை கேட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பினேன். அவன் உடனே எழுந்தான். ஊரிலுள்ள நாயெல்லாம் கடித்துத் தோற்காதவன், கடிக்காத ஒன்றிடம் தோற்றேன்.

அதற்குப் பிறகு இன்னும் ஒருமுறை உட்கார்ந்தான், நான் பேசாமல் கேட்டுக்கொண்டேன். பிறகு நிழலான ஒரு தெரு. மரங்களில் ஏதோ காக்கைச் சண்டை. வாட்ச்மேனிடம் இதை எப்படி ஆரம்பிப்பது, வண்டிக்காரரை ஐந்து பேராக்கலாமா, பத்து பேராக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நடந்தேன். கயிறு சடாரென்று இறுகியது. மூட்டை மறுபடி உட்கார்ந்திருந்தான். எரிச்சலோடு திரும்பினேன்.

அவன் உட்கார்ந்திருந்தது எங்கள் கேட்டில். நான் அதைத் தாண்டி ஏழெட்டு அடி போயிருந்தேன்.

வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "காக்கையைப் பாத்துட்டே வந்தேன்" என்றேன், யாரும் கேட்காமலேயே. திரும்பி வந்தேன். மூட்டை பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று கேட்டின் நடுவில் அமர்ந்து மூச்சு வாங்கினான். அவனை நகர்த்தாமல் அதை மூடவும் முடியாது, முழுக்கத் திறக்கவும் முடியாது. மகள் வந்து அவனுக்கு இந்தப் பக்கம் நின்றாள். முகம் சிவந்திருந்தது, வெயிலாகவும் இருக்கலாம்.

வாட்ச்மேன் நோட்டை எடுத்து என் பக்கத்தைத் திறந்தார். "கூடப் போனவர்னு உங்களைத்தானேம்மா எழுதணும்?"

"நான் பின்னாடிதான் வந்தேன்" என்றாள் அவள். "மூட்டைன்னு எழுதுங்க."

எனக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "பாத்தியா? அஞ்சு தடவை உக்காந்தான். அஞ்சு தடவையும் சரி!"

மகள் குனிந்து மூட்டையின் பூசணிக்காய்க் காது ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆறுப்பா" என்றாள். "நான் எண்ணிட்டேதான் வந்தேன். நீங்க சொன்னது எல்லாமே நடந்ததுதான்."