நீங்க முன்னாடி போங்க

“எல்லாரும் ஒரே வரிசையா வாங்க. எந்த மெஷின் காலியாகுதோ அதுக்குப் போயிக்கலாம்” என்று கண்ணாடி போட்ட மாணவி கையை உயர்த்திச் சொன்னபோது, பல் டாக்டர் தன் மனைவியின் தலைமாட்டில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின் தகனக் கூடத்தில் இரண்டு உலைகள், உலைக்கு ஒரு வரிசை. இடது வரிசையின் முதல் குடும்பம் ஏதோ கையெழுத்துக்காகக் காத்திருந்ததால் பின்னால் இருந்த எல்லோரும் காத்திருந்தார்கள். வரிசையில் ஆள் தீர்ந்துபோன வலது உலை அதுபாட்டுக்குச் சும்மா கிடந்தது. பேராசிரியையாக இருந்து இறந்துபோன டாக்டர் மனைவியின் ஆராய்ச்சி மாணவர்களுக்கு அது பொறுக்கவில்லை. வரிசைகளைப் பற்றியே படித்தவர்கள். அழுதுகொண்டே வேலையில் இறங்கிவிட்டார்கள்.

வரிசை மளமளவென்று நகர்ந்தது.

“பாத்தீங்களா சார், அடுத்தது நம்ம மேடம்தான்” என்று கண்ணாடிக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

“அம்மாடி, என் பொண்ணு இன்னும் ஏர்போர்ட்ட விட்டே வெளிய வரலையே.”

அவள் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டருக்குத்தான் பாவமாக இருந்தது. ஆயுசு முழுக்க ஊராருடைய காத்திருப்பைக் குறைக்கப் பாடுபட்டவளுக்குச் சிஷ்யர்கள் செய்த கடைசி மரியாதை இது.

விமானம் தாமதம் என்று மகள் போனில் அழுதிருந்தாள். “அம்மா முகத்தைப் பாக்கணும்ப்பா. நான் வர்றதுக்குள்ள அனுப்பிடாதீங்க.” மாட்டேன் என்று சொல்லியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் தினமும் சொன்ன அதே வாய்தான்.

“மாப்ள, நேரமாச்சு, தூக்கலாமா?” என்றார் மனைவியின் அண்ணன்.

“இருங்க மச்சான்.” டாக்டர் பின்னால் நின்ற குடும்பத்திடம் போனார். “நீங்க முன்னாடி போங்க.”

அந்தக் குடும்பத்துப் பெரியவர் சந்தேகமாகப் பார்த்தார். வரிசையில் இடம் கொடுக்கிற மனிதனை அவர் அதுவரை சந்தித்ததில்லை போலிருக்கிறது. “ஏன் சார், மெஷின்ல எதுவும் கோளாறா?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. என் மக வரணும்.”

பெரியவர் அவர் தோளைத் தொட்டுவிட்டு முன்னால் போனார். அடுத்த குடும்பமும் போனது. அதற்கடுத்ததும்.

“இப்படி மாத்தி விட்டா வரிசை கெட்டுப்போயிடுமா?” என்று டாக்டர் கண்ணாடிக்காரியிடம் கேட்டார்.

“இல்ல சார். எல்லாருக்கும் ஒரே அளவு வேலைன்னா யார் முன்னாடி போனாலும் மொத்தக் காத்திருப்பு அதேதான். அவங்களோடது குறையுது, நம்மளோடது கூடுது. அவ்வளவுதான்.”

அட, இவ்வளவு எளிதா? விருந்தாளிகளிடம் ‘நெட் ஸ்லோவா இருந்தா இவளைக் கேளுங்க’ என்றுதான் மனைவியை அறிமுகப்படுத்துவார். அவளும் சிரித்துக்கொண்டே, ‘படம் பாக்கறப்ப நடுவுல ஒரு வட்டம் சுத்துதே, அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறதுதான் என் வேலை’ என்பாள். அதற்குமேல் அவர் கேட்டதில்லை. எதிராளியின் வாயைத் திறக்க வைத்து, பேச முடியாதபடி செய்துவிட்டுக் கேள்வி கேட்பது அவர் தொழில். மற்ற நேரங்களில் கேட்டுப் பழக்கமில்லை.

“அந்த வட்டத்துக்குள்ள என்னதாம்மா நடக்குது?”

“எல்லாம் வரிசைதான் சார். துண்டு துண்டா தகவல் வந்து நிக்கும். ஒரு கருவிய ஒரு நிமிஷம்கூடச் சும்மா விடக்கூடாதுன்னு வேலைய நெருக்கிக்கிட்டே போனா, வரிசை வளந்துக்கிட்டே போகும். கொஞ்சம் காலி நேரம் இருந்தாத்தான் தாங்கும். மேடம் முதல் கிளாஸ்ல சொல்றதே இதுதான்.”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். நோயாளிகளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள் என்று அவள் அடிக்கடி சொல்வாள். சாப்பிட வரச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டி வைப்பார். கணக்கைத்தான் சொன்னாளா? அல்லது சாப்பிடத்தான் கூப்பிட்டாளா? இரண்டுமா? இனி யாரிடம் கேட்பது?

கடைசியாக ஒரு குடும்பம் மட்டும் மிச்சம் இருந்தது. அவர்களையும் முன்னால் போகச் சொல்லப் போனபோது கூடத்துப் பொறுப்பாளர் வந்துவிட்டார்.

“சார், இவங்களும் போயிட்டா உங்களுக்குப் பின்னாடி ஆளே இல்ல. இவங்களோடது முடிஞ்சதும் ரெண்டு மெஷினையும் அணைச்சுடுவோம். அப்புறம் நாளைக்குத்தான்.”

“இவங்களோடது முடிய எவ்வளவு நேரமாகும்?”

“ஒரு மணி நேரம் ஆகும்.”

“அதுவரைக்கும் இந்தப் பக்கத்து மெஷின் சும்மா இருக்கட்டும்.”

“சும்மாவா? சூடா இருக்கறதைச் சும்மா விடச் சொல்றீங்களே!”

“மாப்ள, அவரு சொல்றதும் நியாயம்தானே...” என்று ஆரம்பித்த மச்சான், டாக்டரின் கண்ணைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

“நாங்க பண்ணின தப்பு சார்” என்றாள் கண்ணாடிக்காரி, பொறுப்பாளரிடம். “இவரு பழைய வரிசையிலயே நின்னிருந்தா இன்னும் முறையே வந்திருக்காது. எங்களால மிச்சமான நேரத்தைத்தானே இவரு கேக்கறாரு?”

பொறுப்பாளர் அவளையும் காலி வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். “படிச்ச புள்ளைங்க எதையாவது சொல்லி மடக்கிடறீங்க” என்றவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மகள் வந்தபோது கடைசிக் குடும்பம் போன உலை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பயணப் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தவள், பக்கத்தில் வந்ததும் மெதுவாக நடந்தாள். குனிந்து, அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள். அது மறுபடி விழுந்தது. மறுபடி ஒதுக்கினாள்.

டாக்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.