பன்னிரண்டு மரங்களின் சாய்வு

மழை தொடங்கிக் கிட்டத்தட்ட முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு முதல் துளி விழுந்ததை நுஹா கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். யட்டியாந்தோட்டை பஸாரில் அவளுடைய வாப்பா ஜவ்பரின் ஹார்ட்வெயார் கடை. கடைக்கு மேலே வீடு. மாடித் தட்டில், கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று மழையை அளந்துகொண்டிருந்தது. இதுவரை மூன்று தரம் நிரம்பி, மூன்று தரம் ஊற்றியாயிற்று.

கொரோனாவுக்காகப் பயணத்தடை போட்டுப் பதினான்காவது நாள் அது. ஒரு வியாழக்கிழமை. வியாழன் நான்கு மணிக்குக் கல் வட்டத்தின் ஸூம் கூட்டம் நடக்கும். மழை பெய்தாலும் நடக்கும், மின்சாரம் போனாலும் போனில் நடக்கும்.

கல் வட்டத்தை முதல் ஊரடங்கின்போது ஆரம்பித்தவர் ஹபீஸா டீச்சர். ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவர். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறவர்கள் காலடியில் கிடக்கும் கல்லையாவது பார்க்கட்டும் என்றுதான் தொடங்கினார். முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். இப்போது முப்பத்தொரு பேர். உடைந்த தரையோட்டின் பின்பக்கத்தில் கல்லைத் தேய்த்து நிறம் பார்த்தார்கள். சமையலறை வினாகிரியைச் சொட்டுவிட்டு நுரைக்கிறதா என்று பார்த்தார்கள். பேக்கரி ஜஸீல் தன் மாவரிப்பில் ஆற்று மணலை அரித்துவிட்டு மனைவியிடம் வாங்கிய ஏச்சை ஒரு கூட்டம் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

மூன்றாவது கூட்டத்தில் ஒருவர், கேகாலையில் எரிமலை கிளம்பப் போகிறது என்று வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே வாசித்தார். அன்று டீச்சர் ஒரு சட்டம் போட்டார். இனி யார் எதைச் சொன்னாலும், கண்டதா, கேட்டதா, படித்ததா என்று முதலில் சொல்லிவிட வேண்டும். எழுதினாலும் அப்படியே. அதன் பிறகு ஜஸீல்கூட, "கேட்டது: நாளைக்குப் பாண் விலை கூடுமாம்" என்றுதான் எழுதினார். விளையாட்டுப்போல வந்த பழக்கம்தான். ஆனால் 'கண்டது' என்று ஒருவர் எழுதினால் அதை வட்டத்தில் யாரும் சந்தேகிப்பதில்லை.

நுஹா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்தவள். வட்டத்தின் செயலாளர். படங்களை ஒழுங்குபடுத்துவது, பயிற்சிகளை வீடியோவாக எடுத்துப் போடுவது, கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்வது எல்லாம் அவள் வேலை. பாகைமானியில் நூலையும் ஒரு நட்டையும் தொங்கவிட்டுச் சாய்வுமானி செய்வதைக் காட்டிய வீடியோவில் அவளுடைய கைகள் மட்டும்தான் தெரியும். குரல் இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அவள் கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. மைக் பொத்தான் வரை போகும் விரல் எழுத்துப் பலகைக்கே திரும்பிவிடும்.

அந்தச் சாய்வுமானியை முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் செய்தார்கள். அதைச் செய்து முடித்ததோடு நிற்காமல் மலையில் கொண்டுபோய் அளந்தவர் ஒருவர்தான். அவர் சுகந்தினி.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர் அவர். மகளின் ஒன்லைன் வகுப்புக்காக வாங்கிய போனில் வட்டத்துக்குள் வந்தார். வந்த முதல் இரண்டு கூட்டங்களில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். மூன்றாவதில் ஓடையோரப் பாறையின் படத்தைக் காட்டிக் கேட்டார்:

"இந்தக் கல்லுல வெள்ளையும் கறுப்புமா கோடு போகுதுங்க. எல்லாக் கோடும் ஒரே பக்கம் சாயுது. மலைக்கு உள்ளயும் இப்படியே சாஞ்சுதான் போகுமா?"

அந்தக் கேள்வியைக் கேட்க நுஹாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் வரை ஆகியிருந்தது. அன்றிலிருந்து சுகந்தினி அனுப்பும் ஒவ்வொன்றையும் அவள் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்தாள். எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, பக்கத்தில் என்ன மரம் என்று எல்லாம் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருப்பார்.

போன வியாழன் கூட்டம் முடியும் நேரம் சுகந்தினி பேசினார்.

"பத்தாம் மலையில ரெண்டு வரிசையில மட்டும் பால் சிரட்டைக்குப் போகாம பட்டையிலயே வழியுதுங்க. கணக்கப்பிள்ளை என்னோட வெட்டு சரியில்லங்கிறாரு. நான் பதினோரு வருசமா வெட்டுறேன். எனக்கென்னமோ மரம் சாயுதுன்னு படுது. அதுக்கு நேர் கீழதான் ஏழாம் லயம். பதினாலு குடும்பம் இருக்கு. பன்னெண்டு மரத்தப் படம் புடிச்சு அனுப்பியிருக்கேன். பாத்துச் சொல்லுங்க மிஸ்."

எல்லோரும் நுஹாவின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவளுடைய போனில் பன்னிரண்டு சாம்பல் கட்டங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. டேட்டா முடியும் நேரம். படம் திறக்கவில்லை என்று எழுதப் போனாள். பட்டதாரி, செயலாளர், அவளுக்கே படம் திறக்கவில்லையா என்று யாராவது கேட்பார்கள் போலிருந்தது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் எழுதினாள்:

"கண்டது: படங்களில் அசாதாரணமாக ஒன்றும் இல்லை. இறப்பர் மரங்கள் வெளிச்சத்தைத் தேடிச் சாய்வது இயல்பு."

சுகந்தினி, "சரிங்க மிஸ், நன்றி" என்றார். கூட்டம் முடிந்தது. பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாள். அந்தக் கட்டங்களைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

இன்று மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சுகந்தினியின் குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னால் மழை இரைந்தது.

"மிஸ், தண்ணித் தொட்டிகிட்ட நின்னு பேசுறேன், இங்கதான் சிக்னல் இருக்கு. நீங்க சொன்ன பிறகும் மனசு கேக்கலங்க, கோவிச்சுக்காதீங்க. உங்க வீடியோவப் பாத்துச் செஞ்ச மானிய எடுத்துட்டுப் போய் பன்னெண்டு மரத்தையும் அளந்துட்டேன். மூணு வருசக் கோட்டையும் தனித்தனியா எழுதியிருக்கேன். அட்டை கடிச்சதுல தாள்ல ரத்தம் பட்டிருக்கு. ஆனா நம்பர் தெளிவாத் தெரியும்."

தாளின் படம் கூடவே வந்தது. நுஹா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

பால் வெட்டுகிறவர்கள் பட்டையில் சாய்வாகக் கீறுவார்கள். பால் அந்தக் கீறல் வழியே ஓடிச் சிரட்டையில் விழும். சுகந்தினியின் தோட்டத்தில் ஒவ்வொரு பெப்ரவரியும் தூக்குநூல் பிடித்து, தகர அச்சு வைத்து, சரியாக முப்பது பாகையில் புதுக்கோடு போடுவார்கள். பழைய கோட்டின் தழும்பு பட்டையிலேயே இருக்கும். மரம் சாய்ந்தால் தழும்பும் சேர்ந்து சாயும். பன்னிரண்டு மரங்களிலும் போன வருடத்துக்கு முந்தின வருடக் கோடு இருபத்துநான்கு பாகை காட்டியது. போன வருடக் கோடு இருபத்தைந்து. இந்தப் பெப்ரவரியில் போட்ட கோடு இருபத்தாறு. அப்படியானால், முன்பு வருடத்துக்கு ஒரு பாகை சாய்ந்த மரங்கள், கடைசி நான்கு மாதங்களில் நான்கு பாகை சாய்ந்திருக்கின்றன. வெளிச்சத்தைத் தேடுகிற மரம் அப்படிச் சாயாது. இரண்டு வரிசை முழுவதும் ஒரே திசையில், ஒரே அளவில் சாயாது. நிலம்தான் நகர்கிறது.

தோட்டத்தில் ஆண்டாண்டாகப் பால் வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தழும்புகளில் மலையின் அசைவு எழுதப்பட்டிருக்கிறது என்று எந்தப் பாடநூலும் நுஹாவுக்குச் சொன்னதில்லை. சுகந்தினி அதைத் தானே கண்டுபிடித்திருந்தார்.

அப்போதுதான் அவள் கீழே கடைக்கு இறங்கி, வாப்பாவின் போனிலிருந்து இணைப்பு எடுத்து, போன வியாழன் வந்த படங்களை முதன்முதலாகத் திறந்தாள்.

ஒவ்வொரு படத்திலும் நட்டுக் கட்டிய நூல் ஒன்று மரத்தின் முன்னால் நேராகத் தொங்கியது. படத்திலிருந்தே சாய்வை அளக்கட்டும் என்று சுகந்தினி தொங்கவிட்டிருந்தார். நுஹா பாகைமானியைத் திரையில் வைத்து இந்தப் பெப்ரவரிக் கோட்டை அளந்தாள். இருபத்தேழு. அடுத்ததும் இருபத்தேழு. ஒரு வாரத்தில் ஒரு பாகை.

"என்ன மகள், முகமெல்லாம் வெளிறி ஈக்கு?" என்றார் ஜவ்பர்.

"ஒண்டுமில்ல வாப்பா."

தோட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தரும் வட்டத்தின் உறுப்பினருமான இந்திரகுமாருக்கு மூன்று தரம் அழைத்தாள். போன் எடுபடவில்லை. ஹபீஸா டீச்சருக்கு, சுகந்தினி அக்கா சொன்னது சரி, மலை நகருது என்று எழுதினாள். டீச்சர் உடனே பதில் போட்டார்: "நாலு மணிக்கு இந்திரகுமார் வருவார். மேட்டுப் பிள்ளைக்காம்பராவின் சாவி அவரிடம்தான். கூட்டத்தில் முதல் பேச்சு இதுதான்."

பிள்ளைக்காம்பரா என்பது வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் மண்டபம். ஏழாம் லயத்துக்கு எதிர்மேட்டில், பாறை மேல் கட்டியது. பயணத்தடையோடு பூட்டிக் கிடந்தது.

நான்கு மணிக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். சுகந்தினி குடைக்குக் கீழே தெரிந்தார். போர்த்தியிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவர் கண்டது என்று தொடங்கி அளவுகளை வாசித்தார். பன்னிரண்டு மரம், மூன்று கோடு, முப்பத்தாறு எண். அவசரப்படவில்லை. ஒன்பதாம் மரத்தில் நூல் காற்றில் ஆடியதால் இரண்டு தரம் அளந்ததாகவும், இரண்டையும் எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

"இது கம்பஸ்ல படிச்சவங்க அளக்கிறதையும் மிஞ்சுது" என்றார் ஜஸீல். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

இந்திரகுமார் தொண்டையைச் செருமினார். "சுகந்தினி, பிள்ளைக்காம்பராவத் திறக்க எனக்கு மனசில்லாம இல்ல. ஏழாம் லயத்துல ரெண்டு வீடு தனிமைப்படுத்தல்ல இருக்கு. அவங்களையும் சேத்துப் பதினாலு குடும்பத்த ஒரே ஹோல்ல போட்டு நாளைக்கு எல்லாருக்கும் கொரோனா வந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"மண்ணுக்குள்ள போனா யாருங்க ஐயா பதில் சொல்லுறது?" சுகந்தினி குரலை உயர்த்தவில்லை. "ஐடென்டி கார்ட், பிள்ளைங்க சேர்டிபிகட் எல்லாத்தையும் பொலித்தீன்ல கட்டி வச்சுட்டாங்க. போறதுக்கு ஒரு இடம்தான் வேணும்."

நுஹா தட்டச்சு செய்தாள்: "கண்டது: சுகந்தினி அக்காவின் அளவுகள் சரி. நிலம் நகர்கிறது. உடனே வெளியேற வேண்டும்."

இந்திரகுமார் அதை வாசித்தார். "இப்ப இப்படி எழுதுறாங்க. போன வியாழன் ஒண்ணுமில்லன்னு எழுதினதும் நுஹா மிஸ்தான். கண்டதுன்னு போட்டு எழுதினாங்க. நான் அதத்தான் தோட்டத்துத் துரைக்கு அனுப்பினேன். இப்ப நான் போய் என்னத்தச் சொல்றது?"

"புது அளவு வந்தீக்கு, அதால கருத்து மாறிட்டு எண்டு சொல்லுங்களேன்" என்றார் ஹபீஸா டீச்சர்.

"அதுதாங்க டீச்சர் சிக்கல். படிச்சவங்க ஒருத்தங்க பன்னெண்டு படத்தப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாங்க. ஒரு வாரத்துல மரமெல்லாம் இப்படிச் சாயுமா? அப்ப இன்னைக்கு அளந்ததுதான் பிழைன்னு துரை கேப்பாரு. நானும் அப்படித்தான் நினைப்பேன். அன்னைக்கு எடுத்த படத்துலயே சாய்வு இருந்துச்சுன்னா சொல்லுங்க. இந்த நிமிசமே சாவிய எடுத்துட்டுப் போறேன். துரைகிட்ட பிறகு பேசிக்கிறேன்."

சுகந்தினிதான் பேசினார்:

"நுஹா மிஸ்ஸச் சொல்லாதீங்க ஐயா. அவங்க பாத்தது சரியாத்தான் இருக்கும். நான்தான் படத்தத் தப்பா எடுத்திருப்பேன். எனக்கு யாரு சொல்லித் தந்தா படம் புடிக்க. ஆனா இன்னைக்கு அளந்தது தப்பில்லங்க."

நூல் தொங்கும் பன்னிரண்டு படங்களும் நுஹாவின் முன்னால் திறந்திருந்தன. இவ்வளவு ஒழுங்காக எடுத்த படங்களை அவள் பல்கலைக்கழகத்திலும் பார்த்ததில்லை. அவற்றை எடுத்தவர் குடைக்குக் கீழே நின்று, தன் வேலையைத் தானே குறை சொல்லி, அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இதை எழுதவும் செய்யலாம். எழுதினால் இந்திரகுமார் மறுபடி, எதை நம்புவது என்று கேட்பார். அவள் எழுத்துக்கு இனி அங்கே மதிப்பில்லை.

நுஹா மைக் பொத்தானை அழுத்தினாள்.

"நுஹா பேசுறேன்." குரல் பிசிறியது. டீச்சரின் முகம் திரையில் சட்டென்று நிமிர்ந்தது. "சுகந்தினி அக்கா படத்தப் பிழையா எடுக்கல்ல. எல்லாத்திலயும் நூல் தொங்கவிட்டு எடுத்தீக்காங்க. அன்டைய படத்திலயே மூணு பாகை சாய்வு ஈக்கு. நான் இன்டைக்கு மூணு மணிக்குப் பிறகுதான் அளந்த."

"அன்னைக்குப் பாத்தப்போ தெரியலயா மிஸ்?" என்று கேட்டார் இந்திரகுமார். கேலியாகக் கேட்கவில்லை. துரையிடம் சொல்ல வேண்டியதைக் கேட்டார்.

"இல்ல. அன்டைக்கு நான் பார்க்கவே இல்ல. கண்டது எண்டு பொய் எழுதின. பன்னெண்டு படத்தில ஒண்டையும் நான் திறக்கல்ல."