மார்லவிக் உறுப்பினர்கள் பாலம் கடக்காத வரலாறு

மார்லவிக் நகரம் 1706 முதல் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் ஒருவரும் லண்டன் போய்ச் சேரவில்லை. எல்லர் ஆற்றுப் பாலத்தில் ஏறி மறுமுனையில் இறங்கினால், அவர்கள் இறங்கிய இடம் மார்லவிக் சந்தையாகவே இருந்தது. குதிரை வண்டியில் போனாலும் அப்படித்தான். படகில் போனவர் நனைந்துபோய் அதே சந்தைக்கு வந்தார். 1706-க்கு முந்தைய உறுப்பினர்கள் லண்டன் போனதும் ஊரை மறந்தார்கள் என்பதால், எங்களை விட்டுப் போகாத ஒருவரைத் தாரும் என்று ஊரார் தேவாலயத்தில் மண்டியிட்டு வேண்டியிருந்தார்கள். ஜெபம் முழுமையாகக் கேட்கப்பட்டது. உறுப்பினர் தாமாகப் பதவி விலக நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. தேர்தல் வந்தபோதெல்லாம், விட்டுவிடும்படி எவ்வளவு கெஞ்சினாலும், பழகிய முகமென்று ஊர் அவர்களையே மீண்டும் தேர்ந்தெடுத்தது.

பதினோராமவர் தானிய வியாபாரி சைலஸ் டன்னாக். அவருடைய ஒரே மகள் ஹெஸ்டர் அக்கரையில், ஒரு மைல் தூரத்தில், கணவன் வீட்டில் இருந்தாள். 1846 ஏப்ரலில் காசநோய் முற்றிப் படுத்தாள். அசைக்கக் கூடாது என்றார் மருத்துவர். டன்னாக் ஒரே நாளில் நாற்பது முறை பாலம் ஏறினார். நாற்பது முறையும் சந்தையில் இறங்கினார்.

தோல் பதனிடும் ஜெத்ரோ பில், தேர்தல் மேடையில் எல்லார் முன்னும் டன்னாக்குக்கு எதிராக வாக்குச் சொல்லி, அழுகிய முட்டையும் எறிந்தவர். அவர்தான் தினமும் சூப் எடுத்துக்கொண்டு அக்கரை போய் வந்தார்.

"யோவ் மெம்பரு, பாலம் தேஞ்சிடப் போகுது, உக்காருய்யா. ரெண்டு கரண்டி குடிச்சா. உப்பு பத்தலன்னு என்னைத் திட்டுனா."

"திட்டுனாளா? அப்ப தெம்பு இருக்கு."

"இருக்கு. ஆனா அப்பா ஏன் வரலைன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

டன்னாக் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

மே மாதத்தில், விண்ணேற்றத் திருநாளுக்கு முன், ஊரார் பாதிரியார் பின்னால் வில்லோ மரக் குச்சிகளோடு நடந்து, எல்லைக்கற்களை ஒவ்வொன்றாக அடித்து, இதுவரை எங்கள் ஊர் என்று கடவுளுக்கும் அண்டை ஊருக்கும் நினைவூட்டுவது வழக்கம். அந்த ஆண்டு பாலத்தடிக் கல்லுக்கு வந்ததும் பில் குச்சியை ஓங்கவில்லை.

"கல்லு இது இல்லீங்க, பாதிரியாரே. இன்னும் கொஞ்சம் தள்ளி."

முப்பது வருடமாக அந்தக் கல்லை அறிந்த பாதிரியார் குரூம் சற்று நேரம் ஆற்றைப் பார்த்தார். "ஆமாப்பா, வயசாயிடுச்சு, மறந்தே போச்சு" என்று சொல்லிவிட்டு, சங்கீதம் பாடியபடி பாலத்தில் நடந்தார். கூட்டம் தொடர்ந்தது. ஹெஸ்டர் வீட்டு வேலிக்கு அப்பால் கிடந்த ஒரு சாதாரணக் கல்லை முந்நூறு குச்சிகள் அடித்தன. உள்ளே நோயாளி இருந்ததால் மெதுவாக.

அன்று பிற்பகல் டன்னாக் பாலத்தில் ஏறி அக்கரையில் இறங்கினார். ஹெஸ்டர் பதினேழு நாள் உயிரோடிருந்தாள். பதினேழு நாளும் அவரே ஊட்டினார். அந்தக் கல்லுக்கு அப்பால் அவரால் ஓரடியும் வைக்க முடிந்ததில்லை. அண்டை ஊர் வழக்குப் போடவில்லை.

டன்னாக் இறந்த பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, ஜெத்ரோ பில்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய தங்கை பன்னிரண்டு மைலுக்கு அப்பால், கடலோரத்தில் மீன் கழுவிப் பிழைத்தாள். முடிவு அறிவித்த மறுநாள் காலையிலேயே ஊரார் வில்லோக் குச்சி வெட்டப் போனார்கள்.