க்ரூபர் கட்டடத்துக்கு ஒரு கையெழுத்து

திங்கட்கிழமை மதியம் வரைக்கும் மேயர் ரேயின் கண்ணில் படாமல் இருந்துவிட்டால் போதும். பன்னிரண்டு மணிக்குக் கடனுக்குப் பேசி வைத்த வட்டி விகிதத்தின் கெடு முடிந்துவிடும். கொலம்பஸில் இருக்கும் வக்கீல்கள் கோப்பை மூடிவிட்டு அடுத்த ஊரைப் பார்க்கப் போவார்கள். முடியாது என்று நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்காது. எல்லாம் தானாக நடந்துபோனதாக இருக்கும். கோழைத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். முப்பது வருஷம் வேலை பார்த்தவள் ஒரு வாரம் கோழையாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

இப்படி நினைத்துக்கொண்டே டெனீஸ் கோவாலிக் ஒரு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தவக்காலத்தின் நான்காவது வெள்ளி. புனித சிரில் ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் மீன் விருந்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எப்போதும் நாலு மணிக்கு வந்து ஏப்ரனைக் கட்டுகிறவள் இன்று இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். உப்புக் குடுவைகளை வரிசையாக வைத்தாள். வரிசை பிடிக்கவில்லை, மாற்றி வைத்தாள். முட்டைக்கோஸை நறுக்க உட்கார்ந்து பாதியில் எழுந்து போய்க் கைகழுவினாள்.

"டெனீஸ், அந்த மேசையை விட்டுடு. பெயிண்ட் உரிஞ்சு வருது" என்றாள் வாண்டா.

வாண்டா நகரமன்றத்தின் எழுத்தர். எழுபதை நெருங்குகிறாள். யாருக்கும் பயப்படுவதை எப்போதோ நிறுத்திவிட்டவள். பக்கத்தில் வந்து குரலைத் தணித்தாள்.

"ரே இன்னிக்கு மூணு தடவை என் மேசைக்கு வந்தான். நீ பல் டாக்டர்கிட்ட போயிருக்கேன்னு சொன்னேன்."

"நேத்தும் பல் டாக்டர்னுதானே சொன்ன?"

"இன்னிக்கு வேற பல்லு."

டெனீஸ் சிரித்தாள். சிரிப்பு நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை.

அவள் ஹார்மன் ஃபெரி நகரத்தின் நிதி இயக்குநர். ஒஹாயோ சட்டத்தில் அவளைப் போன்றவர்களுக்கு என்றே இரண்டு வரி இருக்கிறது. நகரம் எந்த ஒப்பந்தத்தில் இறங்கினாலும், அதற்கான பணம் கஜானாவில் இருக்கிறது அல்லது வந்துகொண்டிருக்கிறது, அது வேறு எதற்கும் முன்பே ஒப்புக்கொடுக்கப்படவில்லை என்று நிதி அதிகாரி சான்று தர வேண்டும். மன்றத்தில் ஏழு பேரும் கை தூக்கலாம், மேயர் தங்கப் பேனாவால் கையெழுத்துப் போடலாம். அந்தச் சான்று இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது.

இந்த முறை ஒப்பந்தம் க்ரூபர் கட்டடத்துக்காக. நகரத்தின் நடுவில் ஆறு மாடி ஜவுளிக்கடை, இருபத்தாறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. கர்ட் ஹாலெக் என்பவரின் கம்பெனி அதை நூற்றுப் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஓட்டலாக மாற்றப்போகிறது. கட்டுகிற பணத்தில் பெரும்பகுதியை நகரம் கடன் பத்திரம் போட்டுத் திரட்டித் தரும். ஓட்டல் சம்பாதித்துத் தவணையைக் கட்டும். சம்பாதிக்காவிட்டால் நகரம் கட்டும்.

"வரிப்பணத்துல ஒரு சென்ட் கூட இல்ல" என்று மேயர் ரே டன்லவி ரோட்டரி சங்கத்தில் சொன்னார், வானொலியில் சொன்னார், போன ஞாயிறு இதே ஆலயத்தின் வாசலில் சொன்னார். அது பொய் இல்லை. நகரம் பிணையாக வைப்பது வரி அல்லாத வருமானத்தை. அபராதங்கள், கட்டட அனுமதிக் கட்டணம், ஆம்புலன்ஸ் கட்டணம். ஆனால் அந்தப் பணத்தில்தான் ஆம்புலன்ஸே ஓடுகிறது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரும்பு வார்ப்பு ஆலையில் எட்டு மணி நேரம் நிற்கிறவனின் சம்பளச் சீட்டில் நகரத்துக்கென்று பிடிக்கும் இரண்டு சதவீதம்.

அதையும்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அதே பணத்தை நகரம் ஒன்பது வருஷத்துக்கு முன்பே ஒரு முறை பிணை வைத்திருந்தது, க்ரூபர் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் ஐந்து மாடி வாகன நிறுத்தகத்துக்காக. ஆலோசகர்களின் அறிக்கை அதை அழகாகத் தாண்டிப் போனது. ஓட்டலுக்கு வருகிறவர்கள் காரை நிறுத்துவார்கள், அதனால் நிறுத்தகம் தன் கடனைத் தானே கட்டும், அதனால் அந்தப் பணம் விடுபட்டுவிட்டது. இன்னும் முப்பது பக்கம் தள்ளி, ஓட்டலின் வரவுப் பட்டியலில், நிறுத்தகத்தின் வாடகையில் ஒரு பங்கு. இரண்டு குடிகாரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வீட்டுக்குக் கிளம்பியது போல. ஒருவர் வீட்டுக்கும் வழி தெரியாது.

நிறுத்தகத்துக்கான சான்றில் கையெழுத்துப் போட்டது டெனீஸ்தான். அன்றைக்கும் அறிக்கையில் ஒரு பக்கம் அவளை உறுத்தியது. ஊரே சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. போட்டாள். இப்போது நிறுத்தகத்தின் மேல் மூன்று மாடியில் புறாக்கள்தான் நிற்கின்றன, தவணையை நகரம்தான் கட்டுகிறது. ஆறாம் தெரு நீச்சல் குளத்தை மண் போட்டு மூடினார்கள். தீயணைப்புத் துறை நடத்தும் கிழக்குப் பக்கத்து ஆம்புலன்ஸ் நிலையத்துக்குச் சனி ஞாயிறு விடுமுறை விட்டார்கள். எது எதனால் என்று ஊரில் யாரும் கோத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு மட்டும் தெரியும்.

நாலரை மணிக்குக் கதவைத் திறந்ததும் வரிசை படிக்கட்டு வரை போனது. டெனீஸ் வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸும் நூடுல்ஸும் கலந்த ஹாலுஷ்கியைத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். கிழக்குப் பக்கத்துப் புலாஸ்கி தெரு மார்ஜ் ஸ்டோபிக் தன் கணவர் லூவை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"லூ எப்படி இருக்காரு?" என்று வாண்டா கேட்டாள்.

"உயிரோட இருக்காரு, விருந்துக்கு ரெண்டு டிக்கெட் எடுக்க வேண்டியதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சமையக்கட்டுல விழுந்தாரு. வண்டி வர இருபத்தாறு நிமிஷம், வாண்டா! நான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். இவரு தரையில கெடந்துக்கிட்டு, 'மார்ஜ், பீட்சா சொல்லியிருந்தா இந்நேரம் வந்திருக்கும்'ங்கறாரு."

"வந்திருக்கும்ல?" என்றார் லூ.

"எல்லாம் அந்த ஃபயர் சீஃபோட சோம்பேறித்தனம். வரட்டும் இங்க, மீன் தட்டாலயே அடிக்கறேன்."

டெனீஸ் லூவின் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள். வைத்த உடனே தன் மேல் அருவருப்பாக இருந்தது. ஒரு கரண்டி முட்டைக்கோஸில் எதைச் சரிக்கட்டப் பார்க்கிறேன்? 'ஃபயர் சீஃப் இல்லை, மார்ஜ், நான்' என்று ஒரு வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. மார்ஜ் அதற்குள் ரொட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அப்போதுதான் ரேயின் சிரிப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்டது.

அவர் வரிசையில் எல்லாரிடமும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். பின்னால் சாம்பல் கோட்டும் கையில் தோல் கோப்புமாக ஹாலெக். ஹாலெக் ஒரு தட்டு மீன் வாங்கிக்கொண்டு ஓரத்து மேசையில் உட்கார்ந்தார். ரே நேராகப் பரிமாறுகிற பக்கம் வந்தார்.

"எனக்கு ஒரு ஏப்ரன் குடு, வாண்டா. தேர்தலுக்கு மட்டும் வர்றான்னு சொல்லிடாத."

"தேர்தலப்பவும் நீ ஒரு பாத்திரம் கழுவினதில்ல" என்று ஏப்ரனை அவர் மேல் எறிந்தாள் வாண்டா.

ரே டெனீஸின் பக்கத்தில் வந்து நின்று உருளைக்கிழங்கு அடைத்த பிரோகிக் கொழுக்கட்டைகள் இருந்த அண்டாவின் கரண்டியை எடுத்தார். "ஆளுக்கு எத்தனை?"

"அஞ்சு."

"ஆறு போடறேன். பாவம், பசியோட வர்றாங்க."

"அஞ்சு, ரே. கடைசியில வர்றவங்களுக்கு இல்லாம போயிடும்."

"பல்லு எப்படி இருக்கு?"

பொய் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதற்காகக் கோபப்படவில்லை. அதுதான் ரே. அவருடைய அம்மா க்ரூபர் கடையில் கையுறை விற்றவள். அந்தக் கட்டடத்தின் ஜன்னல்களில் மறுபடி விளக்கு எரிய வேண்டும் என்று அவர் ஆசைப்படுவதில் கள்ளம் இல்லை. அவளுக்கும் அந்த ஆசை இருக்கிறது. அவளுடைய கணவன் ஸ்டான் படுக்கையில் கிடந்தபோது இந்த ரே பதினோரு வாரம் விடுப்புக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் யாரிடமும் சொல்லாமல் வந்து அவர்கள் வீட்டுப் புல்லை வெட்டிவிட்டுப் போனார். இன்று வரை அதை ஒரு தடவையும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லித் தொலையேன் என்று இந்த வாரம் முழுக்க அவளுக்கு இருந்தது. சொன்னால் கோபப்படலாம். கோபம் வந்துவிட்டால் வேலை சுலபம்.

"ஒரே ஒரு காகிதம், டெனீ" என்றார் அவர், வரிசையைப் பார்த்துச் சிரித்தபடியே. "கர்ட் கொண்டு வந்திருக்கார். ரெண்டு நிமிஷம்."

"அந்தப் பணம் முன்னாடியே நிறுத்தகத்துக்கு எழுதிக் குடுத்தது, ரே."

"ஓட்டல் வந்தா நிறுத்தகம் நிமிர்ந்துடும்னு அறிக்கை சொல்லுது. வாங்க, சிண்டி, எப்படி இருக்கீங்க? அம்மா சௌக்கியமா?"

"வந்தா. வந்த அப்புறம் கேளு, போட்டுத் தரேன்."

"கையெழுத்து இல்லாம எப்படி வரும்?"

"எனக்கு அது தெரியல."

"அட, மேயரே கரண்டி புடிச்சிருக்காரு! நாடு உருப்பட்டுடும்" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். கூடம் சிரித்தது. ரே கரண்டியை உயர்த்திக் காட்டினார். கையை இறக்கியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நிறுத்தகத்துக்கு ஒரு கேள்வி கேக்காம போட்டியே. அப்ப இருந்த தைரியம் எங்க போச்சு?"

"அது தைரியமில்ல, ரே."

ஒரு கரண்டி ஹாலுஷ்கி தட்டின் விளிம்பில் விழுந்தது. துடைத்தாள். இத்தனை வருஷத்தில் இதை ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. அவர் அடுத்த தட்டில் ஆறு பிரோகி வைத்தார்.

ஹாலெக் மீனைப் பாதியில் விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக அவர்கள் அருகே வந்தார். வாண்டா டெனீஸின் கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். மூவரும் நாற்காலிகள் அடுக்கியிருந்த மூலைக்கு நகர்ந்தார்கள்.

"உங்க சங்கடம் எனக்குப் புரியுது" என்றார் ஹாலெக். மரியாதையான குரல். "உங்களைக் கட்டாயப்படுத்த நான் வரல. நீங்க கையெழுத்தே போட வேண்டாம்."

டெனீஸ் ரேயைப் பார்த்தாள். ரே தரையைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு வெச்சுக்குங்க. நீங்க இல்லாதப்ப துணை இயக்குநர் சான்று தரலாம்னு விதி இருக்கு. எங்க வக்கீல் பாத்துட்டார். ஷெல்லிகிட்ட பேசியாச்சு, அவங்களுக்குத் தயக்கமில்ல. உங்க பேரு எந்த இடத்துலயும் வராது."

"பதினாலு மாசத்துல ஓய்வு பெறப் போற" என்றார் ரே மெதுவாக. "உன் மேல ஒரு கறையும் இருக்காது. வாரம் பூரா பல் டாக்டர்தானே, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வீட்ல இரு. அவ்வளவுதான் நான் கேக்கறது. உனக்காகத்தான் சொல்றேன்."

உண்மையிலேயே அவளுக்காகத்தான் சொல்கிறார். அது அவர் முகத்தில் தெரிந்தது.

வாரம் முழுக்க அவள் ஏங்கியது இதற்குத்தான், கண்ணில் படாமல் இருக்க. அதையே இவர்கள் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். அவள் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தாலும் ஷெல்லி கையெழுத்துப் போடுவாள், வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளுமாக இருக்கும் ஷெல்லி, ஒரு பக்கம் உறுத்தினாலும் ஊரே சந்தோஷமாக இருக்கிறதே என்று. ஒன்பது வருஷம் கழித்து ஏதாவது ஒரு வரிசையில் நின்று மார்ஜ் போன்ற ஒருத்தி பேசுவதைக் கேட்பாள். நான் தவிர்க்க நினைத்தது அந்தக் கடனையா? முடியாது என்று சொல்லும்போது ரே என்னைப் பார்க்கும் பார்வையை அல்லவா? நல்லவளாகவே இருந்துகொண்டு தப்பித்துப் போகிற வழியைத் தேடினேன். அந்த வழி நேராக அவர்களிடம்தான் போகிறது.

கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. ரேயின் காதோரம் நரைத்திருந்தது. புல் வெட்டுகிற இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகும் அவர் முதுகு ஞாபகம் வந்தது. நன்றி அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. அதோடுதான் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு நான் என் மேசையில இருப்பேன், ரே" என்றாள்.

ஹாலெக் கோப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ரே தலையை நிமிர்த்தினார். முகத்தில் சின்னதாக ஒரு நம்பிக்கை.

"கையெழுத்துப் போடவா?"

"இல்ல."