டாக்டர் கழுத்தில் ஏறி இறங்கிய கட்டி

2006 ஆடி மாதத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் டாக்டர் ஆரோக்கியராஜுக்கு எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும், அவர்களுடைய நோயின் அடையாளம் அவர் உடம்பில் தெரிந்தது. காமாலைக்காரர் வந்தால் டாக்டரின் கண் மஞ்சளானது. ரத்தசோகைக்காரி வந்தால் அவர் நகங்கள் நடுவில் குழிந்தன. இதயம் பலவீனமானவர் வந்தால் டாக்டரின் கால் வீங்கிச் செருப்பு இறுகியது. ஆள் எழுந்து போனதும் எல்லாம் வடிந்துவிடும். "படிக்கிறப்பவே அடுத்தவங்க உடம்புல எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணாடியப் பாத்தாவது மருந்து எழுதுடான்னு ஆண்டவர் வுட்டுட்டாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இதில் அதிசயம் எதையும் காணாமல், கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டதே என்றுதான் குறைப்பட்டோம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, நாக்கை நீட்டும்படி டாக்டரிடம் சொன்னார்கள்.

2009 ஈஸ்டர் அன்று அவர் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பின்னால் நின்று பரிமாறும் மனைவி பிலோமினா, விருந்து நாளென்று எதிரில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரை விழுங்கியபோது டாக்டரின் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி ஏறி இறங்கியது. நோயாளி யாரும் எதிரில் இல்லாததால், இது தனக்கே வந்தது என்று முடிவு கட்டினார். மறுநாள் வீட்டில் சொல்லாமல் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். தன் ஸ்கூட்டர் யாருக்கு என்பதைப் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் தீர்மானித்துவிட்டார். சிதம்பரத்தில் பெரிய டாக்டர் மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்துத் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்.

திரும்பி வந்தவரிடம் பிலோமினா செம்பை நீட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

ஒரு வாய் விழுங்கினார். கட்டி ஏறி இறங்கியது. டாக்டர் மெல்ல நிமிர்ந்து, கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவரும் அவள் கழுத்தை முதல் தடவையாகப் பார்த்தார்.

"இது எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா இருக்குதுங்க. டாக்டர் வூட்டுலதான இருக்கேன், ஏதாவதுன்னா சொல்லமாட்டீங்களான்னு வுட்டுட்டேன்."

அன்றைக்கு அவர் தன்னைப் பற்றி ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சிதம்பரத்தில் ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய்தான், ஆனால் பரவியிருக்கவில்லை. உள்ளே அவளுக்குத் தையல் போட்டபோது, வராந்தாவில் நின்ற டாக்டரின் கழுத்திலும் தையல் விழுந்தது. மற்றவர்களுடைய அடையாளங்கள் போல அந்தத் தழும்பு போகவில்லை. 2012இலும் இருந்தது. முடிதிருத்தும் உத்திராபதி அதைச் சுற்றி மெதுவாகக் கத்தியை ஓட்டிவிட்டு, விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார்.

"அம்மாவுக்கு நல்லா ஆறியிருக்குது டாக்டர்" என்பார்.